வேர்டு டெம்ப்ளேட்டில் செய்த மாற்றம் நிற்கவில்லையா? எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

வக்கீல் நோட்டீஸ் அடிக்க ஒரு டெம்ப்ளேட், அதாவது புது ஆவணங்களுக்கு அச்சாக இருக்கும் மாதிரிக் கோப்பு, இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லீகல் தாள், இடது பக்கம் 4 செ.மீ. ஓரம், உச்சியில் அலுவலக முகவரி. இப்போது முகவரி மாறிவிட்டது. டெம்ப்ளேட்டைத் திறந்து, புது முகவரி அடித்து, சேவ் கொடுத்து மூடியாயிற்று. மறுநாள் புது நோட்டீஸ் தொடங்கினால் பழைய முகவரியே வந்து நிற்கிறது. திரும்ப மாற்றினாலும் அதே கதைதான்.

இந்தக் கட்டத்தில் பலர் வேர்டையே அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யக் கிளம்பிவிடுவார்கள். அதனால் பயனில்லை. டெம்ப்ளேட்டுகள் உங்கள் பயனர் கணக்கின் ஃபோல்டருக்குள் இருப்பவை. வேர்டை நீக்கினாலும் அவை இருந்த இடத்திலேயே இருக்கும், கோளாறும் கூடவே இருக்கும். அதைவிட, எந்தக் கோப்பில் மாற்றம் விழுந்தது என்று இரண்டு நிமிடம் செலவழித்துப் பார்ப்பது மேல். பெரும்பாலும் டெம்ப்ளேட் பழுதாகியிருக்காது. நீங்கள் திறந்தது டெம்ப்ளேட்டாகவே இருந்திருக்காது.

கீழே உள்ளவை விண்டோஸில் வேர்டு 2013 தொடங்கி இன்றைய மைக்ரோசாஃப்ட் 365 வரைக்கும் பொருந்தும். மேக்குக்கும் லிப்ரே ஆஃபிஸுக்கும் கடைசியில் தனியே சொல்லியிருக்கிறது.

மூன்று வகைக் கோப்புகள்

சாதாரண ஆவணத்தின் பெயர், புள்ளிக்குப் பிறகு டி-ஓ-சி-எக்ஸ் என்று முடியும். டெம்ப்ளேட் டி-ஓ-டி-எக்ஸ் என்று முடியும். மேக்ரோ, அதாவது வேர்டுக்குள் ஓடும் குட்டி நிரல், வைத்துக்கொள்ளக்கூடிய டெம்ப்ளேட் டி-ஓ-டி-எம். இனி இவற்றை டாக்எக்ஸ், டாட்எக்ஸ், டாட்எம் என்றே சொல்வோம். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் கண் ஏமாறும். விண்டோஸ் இந்த வால் பகுதியை வழக்கமாக மறைத்தே வைத்திருப்பதால் ஏமாறாமல் இருப்பதுதான் அதிசயம். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்துவிடுங்கள். அதே பட்டியலில் ஹிடன் ஐட்டம்ஸ் இருக்கும், அதையும் டிக் செய்யுங்கள். பின்னால் தேவைப்படும்.

நீங்களாக உருவாக்கிய டெம்ப்ளேட்டுகள் போக, எல்லோருடைய கணினியிலும் நார்மல் என்ற பெயரில் ஒரு டாட்எம் கோப்பு இருக்கும். வேர்டைத் திறந்து வெற்றுத் தாள் கேட்டால் எந்த எழுத்துரு, எந்த அளவு, எவ்வளவு ஓரம் என்பதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. வேர்டு 2003 வரை இதன் வால் டி-ஓ-டி மட்டும். 2007 முதல் டி-ஓ-டி-எம். இது இருக்குமிடம்: சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். ஹிடன் ஐட்டம்ஸ் டிக் செய்ததால் இப்போது தெரியும். அங்கே நார்மல் இல்லையென்றால், வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய் அடிவரை உருட்டி, ஃபைல் லொக்கேஷன்ஸ் பொத்தானை அழுத்துங்கள். யூசர் டெம்ப்ளேட்ஸ் என்ற வரியில் உள்ள பாதைதான் உண்மையான இருப்பிடம்.

முதலில் பார்க்க வேண்டியது நேரம்

டெம்ப்ளேட் கோப்பு இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, டேட் மாடிஃபைடு பத்தியில் உள்ள நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் மாற்றம் செய்து, சேமித்து, வேர்டை முழுக்க மூடுங்கள். மறுபடி நேரத்தைப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடந்திருக்கும்.

நேரம் மாறவில்லை, வேர்டு எந்தக் குறையும் சொல்லவில்லை: மாற்றம் வேறொரு கோப்பில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நேரம் மாறவில்லை, வேர்டு பிழைச் செய்தி காட்டியது: கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது, அல்லது எழுத அனுமதி இல்லை.

நேரம் மாறியிருக்கிறது, ஆனாலும் பழையதே வருகிறது: டெம்ப்ளேட் ஒழுங்காகச் சேமிக்கப்பட்டுவிட்டது. நீங்கள் பலனைத் தேடும் இடம்தான் தவறு.

இரட்டைக் க்ளிக்கின் வேலை

முதல் வகைதான் அதிகம். எக்ஸ்புளோரரில் டாட்எக்ஸ் கோப்பை இரட்டைக் க்ளிக் செய்தால் வேர்டு அதைத் திறப்பதில்லை. அதைப் பார்த்து ஒரு நகல் போட்டு, புது ஆவணமாக உங்கள் முன் வைக்கிறது. டெம்ப்ளேட் என்பதே அதற்குத்தானே. சன்னலின் உச்சியைப் பாருங்கள்: டாக்குமென்ட்1 என்று இருந்தால் அது நகல். அதில் முகவரியை மாற்றி சேவ் கொடுத்தால் புதிதாக ஒரு டாக்எக்ஸ் பிறக்கும். டெம்ப்ளேட்டுக்கு இந்தச் சேதியே தெரியாது.

டெம்ப்ளேட்டைத் திருத்தத் திறக்கும் முறை இது:

1. முதலில் வேர்டைத் திறங்கள். கோப்பைத் தொட வேண்டாம்.
2. கன்ட்ரோல் கீயோடு எஃப்12 அழுத்துங்கள். கோப்பு தேடும் பழைய சன்னல் வரும். மடிக்கணினியில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். ஃபைல், ஓப்பன், பிரவுஸ் என்று போனாலும் இதே சன்னல்தான்.
3. டெம்ப்ளேட்டைத் தேர்ந்து ஓப்பன் கொடுங்கள்.
4. சன்னலின் உச்சியில் டெம்ப்ளேட்டின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். டாக்குமென்ட்1 என்று இருந்தால் மூடிவிட்டு மறுபடி வாருங்கள்.
5. மாற்றிவிட்டு கன்ட்ரோல் எஸ். அவ்வளவுதான், சேவ் ஆஸ் வேண்டாம்.

சேவ் ஆஸ் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எஃப்12 அழுத்தி, சேமிக்க வேண்டிய ஃபோல்டரைப் பொறுப்பாகத் தேடிப் பிடித்த பிறகு, கோப்பு வகையில் வேர்டு டெம்ப்ளேட் என்று தேர்ந்தால், வேர்டு உங்களைக் கேட்காமலேயே டாக்குமென்ட்ஸுக்குள் இருக்கும் கஸ்டம் ஆஃபிஸ் டெம்ப்ளேட்ஸ் என்ற ஃபோல்டருக்குத் தாவிவிடும். கவனிக்காமல் சேவ் கொடுத்தால் ஒரே பெயரில் இரண்டு டெம்ப்ளேட்டுகள் இரண்டு இடங்களில் உண்டாகும். பிறகு ஒன்றைத் திருத்துவீர்கள், இன்னொன்றிலிருந்து புது ஆவணம் தொடங்குவீர்கள். ஆகவே புதிதாக டெம்ப்ளேட் சேமிக்கும்போது வகையை முதலில் தேர்ந்துவிட்டு, அதன்பின் இடத்தைத் தேடுங்கள். ஏற்கெனவே இரட்டைப் பிள்ளைகள் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், எக்ஸ்புளோரரின் தேடல் பெட்டியில் டெம்ப்ளேட்டின் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

ஒன்டிரைவ் பேக்கப் (கோப்புகளை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பில் நகலெடுத்து வைக்கும் வசதி) இயக்கத்தில் இருக்கும் கணினிகளில் இந்தக் குழப்பம் தானாகவே வரும். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் இடம்பெயர்ந்துவிடும். வேர்டு மட்டும் பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும். ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் டிஃபால்ட் பர்சனல் டெம்ப்ளேட்ஸ் லொக்கேஷன் என்ற பெட்டியில் இப்போதைய பாதையை ஒட்டுங்கள். அந்தப் பெட்டி காலியாக இருந்தால், ஃபைல், நியூ பக்கத்தில் பர்சனல் என்ற பிரிவு தெரியாமலேகூடப் போகலாம்.

கோப்பு பூட்டியிருந்தால்

இரண்டாவது வகையில், கோப்பு வேறெங்கோ திறந்திருப்பதால் சேமிக்க முடியவில்லை என்றோ, இது படிக்க மட்டுமான கோப்பு என்றோ வேர்டு சொல்லும். எளிதானதிலிருந்து தொடங்குவோம்.

டெம்ப்ளேட்டை வலது க்ளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். ரீட்-ஒன்லி டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். ஆனால் நாலு பேர் புழங்கும் அலுவலகமானால் யாரோ தெரிந்தே போட்டிருப்பார்கள், கேட்டுவிட்டு எடுங்கள். பொது டெம்ப்ளேட்டுக்கு ரீட்-ஒன்லி நல்ல காவல். திருத்தும் நாளில் மட்டும் எடுத்துவிட்டு மறுபடி போட்டுவிடலாம். அதே சன்னலின் அடியில் அன்பிளாக் என்ற டிக் பெட்டி இருந்தால், கோப்பு மின்னஞ்சலிலோ இணையத்திலோ வந்தது என்று பொருள். நம்பகமான கோப்பு என்றால் டிக் செய்து ஓகே கொடுங்கள். திறந்த பிறகு மஞ்சள் பட்டையில் எனேபிள் எடிட்டிங் கேட்பது இதனால்தான்.

அடுத்து, அரைகுறையாக மூடிய வேர்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எல்லாச் சன்னல்களையும் மூடிய பிறகும் மைக்ரோசாஃப்ட் வேர்டு பட்டியலில் இருந்தால், அதுதான் கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தேர்ந்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். சேமிக்காத ஆவணம் ஏதாவது திறந்திருந்தால் அது போய்விடும் என்பதால் முதலில் அவற்றைச் சேமித்து மூடுங்கள். எக்ஸ்புளோரரின் பிரிவியூ பேனும் கோப்பைப் பிடித்து வைக்கக்கூடியதே. ஆல்ட் கீயோடு பி அழுத்தினால் அது மூடும்.

வேர்டு ஒரு கோப்பைத் திறந்ததும், அதே ஃபோல்டரில் அலைக்குறியும் டாலர் குறியுமாகத் தொடங்கும் குட்டிக் கோப்பு ஒன்றைப் போடும். யார் திறந்திருக்கிறார்கள் என்ற குறிப்பு அது. ஒழுங்காக மூடினால் தானே அழியும். மின்சாரம் போய்க் கணினி அணைந்தாலோ வேர்டு தொங்கி நின்றாலோ அழியாமல் தங்கிவிடும்; அடுத்த முறை வேர்டு அதைப் பார்த்து, யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். வேர்டு ஓடவில்லை என்று டாஸ்க் மேனேஜரில் உறுதி செய்தபின் அந்தக் குட்டிக் கோப்பை அழிக்கலாம். சர்வரில் உள்ள பொது டெம்ப்ளேட் என்றால் வேறொருவர் உண்மையிலேயே திறந்திருக்கலாம், விசாரிக்காமல் அழிக்காதீர்கள். சர்வர் ஃபோல்டரில் உங்களுக்குப் படிக்கும் அனுமதி மட்டும் இருந்தால் இந்த வித்தைகள் எதுவும் பலிக்காது, நெட்வொர்க் பார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

நார்மல் டெம்ப்ளேட்டுக்கென்றே உள்ள தொல்லைகள்

நார்மல், நீங்கள் சேவ் அழுத்தும்போது சேமிக்கப்படுவதில்லை. வேர்டை முழுக்க மூடும்போதுதான் எழுதப்படுகிறது. காலையில் எழுத்துருவை மாற்றிவிட்டு, மாலையில் வேர்டு தொங்கி எண்ட் டாஸ்க் கொடுத்தால் காலையில் செய்தது காணாமல் போகும். தூங்கவைத்துத் தூங்கவைத்து வாரக்கணக்கில் கணினியை அணைக்காதவர்களுக்கு இது அடிக்கடி நேரும். உடனே எழுதிவிட ஒரு வழி உண்டு: ஆல்ட் கீயோடு எஃப்11 அழுத்துங்கள், விஷுவல் பேசிக் சன்னல் வரும். இடப்பக்கப் பட்டியலில் நார்மல் என்பதை ஒருமுறை க்ளிக் செய்து கன்ட்ரோல் எஸ் கொடுங்கள். சன்னலை மூடிவிடலாம். மேக்ரோ எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எப்போது சேமிக்கிறது என்று கண்ணால் பார்க்க, ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, சேவ் பகுதியில் பிராம்ப்ட் பிஃபோர் சேவிங் நார்மல் டெம்ப்ளேட் என்பதை டிக் செய்யுங்கள். இனி மூடும்போது வேர்டு கேட்கும். நீங்கள் எதையும் மாற்றாத நாளிலும் ஒவ்வொரு முறையும் கேட்டால், ஏதோ ஆட்-இன், அதாவது வேர்டோடு ஒட்டிக்கொண்டு ஓடும் துணை மென்பொருள், நார்மலில் கை வைக்கிறது என்று அர்த்தம். ப்ளூடூத்தில் அனுப்பும் ஆட்-இன், பிடிஎஃப் கருவிகள் போன்றவை இதற்குப் பெயர்போனவை.

ஆட்-இன்தானா என்று பார்க்க சேஃப் மோடில் (ஆட்-இன்கள் இல்லாமல் வேர்டைத் திறக்கும் முறையில்) திறக்கச் சொல்லும் ஆலோசனையை நிறையக் கேட்பீர்கள். வேர்டு திறக்கவே மறுக்கும்போது அது உதவும். இந்தக் கோளாறுக்கு உதவாது, ஏனென்றால் சேஃப் மோடில் டெம்ப்ளேட்டைச் சேமிக்கவே வேர்டு விடாது. சோதனையே தவறான விடை சொல்லும். அதற்குப் பதிலாக ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போய், அடியில் மேனேஜ் என்ற இடத்தில் காம் ஆட்-இன்ஸ் தேர்ந்து கோ அழுத்துங்கள். எல்லா டிக்குகளையும் எடுத்து, வேர்டை மூடித் திறந்து, மாற்றம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு, எதைப் போட்டதும் கெடுகிறது என்று கண்டுபிடியுங்கள். டிக்கை எடுக்க விடவில்லையென்றால் வேர்டை மூடி, அதன் ஐகானை வலது க்ளிக் செய்து ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் மூலம் திறந்து முயலுங்கள்.

இதுவும் பலிக்கவில்லையென்றால் நார்மல் கோப்பே கெட்டிருக்கலாம். வேர்டை மூடிவிட்டு, டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரில் அதன் பெயரைப் பழைய நார்மல் என்று மாற்றுங்கள்; வால் பகுதி அப்படியே இருக்கட்டும். வேர்டைத் திறந்து ஒரு சின்ன மாற்றம் செய்து மூடினால் புது நார்மல் ஒன்று உருவாகியிருக்கும். அழித்துவிடாதீர்கள்: உங்கள் ஸ்டைல்கள் (தலைப்பு, பத்தி போன்றவற்றுக்குப் பெயரிட்டு வைத்த தோற்ற அமைப்புகள்), மேக்ரோக்கள், ஆட்டோடெக்ஸ்ட் (சேமித்து வைத்த வாசகங்கள்), நீங்கள் வைத்த குறுக்கு விசைகள் எல்லாம் பழையதில்தான் இருக்கின்றன. ஸ்டைலையும் மேக்ரோவையும் மட்டும் ஆர்கனைசர் மூலம் புதியதற்கு நகலெடுக்கலாம். ஆப்ஷன்ஸில் கஸ்டமைஸ் ரிப்பன் போய் டெவலப்பர் தாவலை டிக் செய்து, அதில் டாக்குமென்ட் டெம்ப்ளேட், ஆர்கனைசர் என்று போக வேண்டும். குறுக்கு விசைகளை அது தராது. கையால்தான் மறுபடி வைக்க வேண்டும்.

தமிழ் எழுத்துருவுக்கு என்று ஒரு தனிக் கோளாறு

டிஃபால்ட் எழுத்துருவை நிர்மலா என்று வைத்தாயிற்று, அளவு 12 வைத்தாயிற்று, செட் ஆஸ் டிஃபால்ட்டும் கொடுத்தாயிற்று. புது ஆவணத்தில் தமிழில் அடித்தால் லதாவே வருகிறது, அளவும் மாறவில்லை. டெம்ப்ளேட் சேமிக்கவில்லை என்று தோன்றும். உண்மையில் சேமித்திருக்கிறது, ஆங்கில எழுத்துக்கு.

வேர்டு ஒவ்வொரு ஸ்டைலுக்கும் இரண்டு கணக்குகள் வைத்திருக்கிறது. ஆங்கிலம் போன்றவற்றுக்கு லத்தீன், தமிழ், இந்தி, அரபு போன்றவற்றுக்கு காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ். எழுத்துரு, அளவு, தடிமன் எல்லாமே இரண்டுக்கும் தனித்தனி. ஆஃபிஸ் தீமில் தமிழுக்கென்று லதா குறித்து வைக்கப்பட்டிருப்பதால், நீங்கள் இரண்டாவது கணக்கைத் தொடாதவரை லதா வந்துகொண்டே இருக்கும்.

சரிசெய்ய: ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் போய்த் தமிழைச் சேர்த்து வேர்டை மூடித் திறங்கள். பிறகு கன்ட்ரோல் டி. வரும் சன்னலில் மேல்பாதி லத்தீன், அதற்குக் கீழே காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ். தமிழைச் சேர்க்காவிட்டால் இந்தக் கீழ்ப்பாதியே தெரியாது. அங்கே நிர்மலாவும் 12-ம் வைத்து, இடது அடியில் செட் ஆஸ் டிஃபால்ட் அழுத்துங்கள். இந்த ஆவணத்துக்கு மட்டுமா, நார்மலை வைத்து உருவாகும் எல்லாவற்றுக்குமா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்து ஓகே. முதலாவது ஏற்கெனவே தேர்வாகியிருக்கும், அவசரத்தில் அப்படியே ஓகே கொடுப்பவர்கள் ஏராளம்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிப்பவர்களுக்கு இது நேர்மாறு. அவற்றில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், தோற்றம் மட்டுமே தமிழ். ஆகவே மேல்பாதியில் மாற்றினால்தான் பலிக்கும்.

தாள் அளவுக்கும் தனியாகக் கட்டளை உண்டு. விண்டோஸின் ரீஜியன் அமெரிக்கா என்று இருந்தால் புது நார்மல் 21.59 × 27.94 செ.மீ. லெட்டர் தாளில் உருவாகும். லேஅவுட், சைஸ், மோர் பேப்பர் சைஸஸ் போய் 21 × 29.7 செ.மீ. ஏ4 தேர்ந்து, அதே சன்னலில் செட் ஆஸ் டிஃபால்ட் கொடுத்தால்தான் அடுத்த ஆவணத்துக்கும் வரும். வெறும் ஓகே அந்த ஆவணத்தோடு முடிந்துவிடும்.

நேரம் மாறியும் பழையதே வந்தால்

ஏற்கெனவே அடித்து வைத்த 40 நோட்டீஸ்களில் முகவரி மாறாது. டெம்ப்ளேட் பிறக்கும்போது அச்சு கொடுக்கும், அதோடு சரி. ஸ்டைல்களை மட்டும் பழைய ஆவணத்துக்கு இழுத்து வரலாம்: அந்த ஆவணத்தைத் திறந்து, டெவலப்பர், டாக்குமென்ட் டெம்ப்ளேட் போய், ஆட்டோமேட்டிக்கலி அப்டேட் டாக்குமென்ட் ஸ்டைல்ஸ் டிக் செய்து ஓகே கொடுங்கள். ஸ்டைல்கள் வந்ததும் டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். விட்டுவைத்தால் பின்னாளில் டெம்ப்ளேட்டில் செய்யும் ஒவ்வொரு விளையாட்டும் கையெழுத்தாகிப் போன நோட்டீஸின் தோற்றத்தையும் கலைக்கும். தலைப்பகுதி, ஓரம், டெம்ப்ளேட்டில் அடித்த வாசகம் ஆகியவை இந்த வழியில் வராது. அவற்றைக் கையால்தான் மாற்ற வேண்டும்.

ஆவணத்துக்குள் இருந்தபடியே ஸ்டைலை மாற்றுபவர்கள், மாடிஃபை ஸ்டைல் சன்னலின் அடியில் நியூ டாக்குமென்ட்ஸ் பேஸ்டு ஆன் திஸ் டெம்ப்ளேட் என்பதைத் தேர்ந்தால்தான் மாற்றம் டெம்ப்ளேட்டுக்குப் போகும். சேமிக்கும்போது டெம்ப்ளேட்டையும் சேமிக்கவா என்று கேட்டால் யெஸ் சொல்லுங்கள். மேக்ரோ எழுதியவர்களுக்கு இன்னொன்று: டாட்எக்ஸ் மேக்ரோவை ஏற்காது. வேர்டு எச்சரித்துவிட்டு அதை உதறிவிட்டுத்தான் சேமிக்கும். டாட்எம் வகையில் சேமியுங்கள்.

கல்லூரி லேபிலோ பிரவுசிங் சென்டரிலோ ஒவ்வொரு முறை கணினியை அணைத்துப் போடும்போதும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டால், கணினியே அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. டெம்ப்ளேட்டைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே இரட்டைக் க்ளிக் செய்து பயன்படுத்துங்கள்.

மேக்கிலும் லிப்ரே ஆஃபிஸிலும்

மேக்கில் ஃபைண்டரில் இரட்டைக் க்ளிக் செய்தாலும் நகல்தான் வரும். வேர்டுக்குள்ளிருந்து ஃபைல், ஓப்பன் மூலமே திறக்க வேண்டும். நார்மல் எங்கே என்று தேட வேண்டாம். வேர்டின் பிரிஃபரன்சஸ், ஃபைல் லொக்கேஷன்ஸ் பகுதியில் யூசர் டெம்ப்ளேட்ஸ் பாதை இருக்கும்.

லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் டெம்ப்ளேட்டின் வால் ஓ-டி-டி (.ott). ஃபைல், டெம்ப்ளேட்ஸ், மேனேஜ் டெம்ப்ளேட்ஸ் திறந்து, வேண்டிய டெம்ப்ளேட்டை வலது க்ளிக் செய்து எடிட் கொடுத்தால் நகல் அல்ல, டெம்ப்ளேட்டே திறக்கும். அதை வைத்து முன்பு உருவாக்கிய ஆவணத்தைத் திறக்கும்போது, டெம்ப்ளேட் மாறியிருக்கிறது, ஸ்டைல்களைப் புதுப்பிக்கவா என்று ரைட்டர் தானே கேட்கும். இந்த விஷயத்தில் வேர்டைவிட மரியாதையான மென்பொருள். ஆனால் கீப் ஓல்டு ஸ்டைல்ஸ் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த ஆவணத்துக்கு மறுபடி கேட்காது. படிக்காமல் அழுத்தாதீர்கள்.